ஒரு சம்பளம், ஆறு வழிகள்: யூத சபையில் பிள்ளைகள், குடும்பங்களின் கல்விப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது?

அமெரிக்காவில் நடுத்தர அளவிலான ஒரு ரிஃபார்ம் (யூத மதத்தின் தாராளப் பிரிவு) யூத சபையில் முழுநேரச் சம்பளம் வாங்குபவர்கள் நாலைந்து பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். மதகுருவான ராபி, வழிபாட்டில் பாட்டை நடத்தும் கேன்டர், அலுவலக நிர்வாகி, கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், அப்புறம் கல்வி இயக்குநர். நியூ ஜெர்சியில் நாங்கள் சேர்ந்திருக்கும் சபையில் இந்தக் கடைசி நாற்காலி வருகிற கோடையில் காலியாகிறது. நெடுநாள் இருந்தவர் ஓய்வு பெறுகிறார். புது ஆளைத் தேடுவதற்கு முன்னால் அந்த வேலை என்ன வடிவத்தில் இருக்க வேண்டும் என்று யோசிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அதில் நானும் ஒருத்தி.

நான் யூதப் பெண் இல்லை. கணவர் யூதர், பிள்ளைகள் யூதர்களாக வளர்கிறார்கள். நான் மதம் மாறவில்லை. வெள்ளிக்கிழமை மாலை யூத வழிபாட்டிடமான சினகாக்கிலும் இருப்பேன், தைப்பொங்கலுக்கு வீட்டில் பானையும் வைப்பேன். இப்படிப்பட்ட குடும்பங்கள் இங்கே விதிவிலக்கு இல்லை. பியூ ஆய்வு மையம் 2020இல் எடுத்த கணக்கின்படி, 2010க்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்ட அமெரிக்க யூதர்களில் 61 சதவீதம் பேர் யூதரல்லாதவரை மணந்தவர்கள். மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவினரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 72 சதவீதம்.

ரிஃபார்ம் ராபிகளின் அமைப்பு 1983இல் ஒரு தீர்மானம் போட்டது. தாய், தந்தை இருவரில் ஒருவர் யூதராக இருந்தாலே பிள்ளையை யூதப் பிள்ளையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது வெளிப்படையான செயல்களில் தெரிய வேண்டும். ஹீப்ரு பெயர் சூட்டுவது, யூத வேதமான தோராவைப் படிப்பது, பதின்மூன்று வயதில் தோரா வாசிக்கும் பார் மிட்ஸ்வா சடங்கு, அதற்குப் பிறகு பதின்வயதில் வரும் கன்ஃபர்மேஷன் சடங்கு எல்லாம் அந்தச் செயல்களில் சேரும். ரிஃபார்முக்கும் ஆர்த்தடாக்ஸுக்கும் நடுவிலுள்ள கன்சர்வேடிவ் பிரிவும், ஆர்த்தடாக்ஸ் பிரிவும் இன்றும் தாய்வழியைத்தான் பார்க்கின்றன. அதாவது என் பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் பள்ளிக்கூடம் நீச்சல் வகுப்பு, பியானோ வகுப்பு வரிசையில் வருகிற ஒன்று கிடையாது. அவர்களை யூதர்கள் என்று சபை ஏற்பதற்கான ஆதாரத்தில் அதுவும் ஒரு பகுதி. நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பள்ளி எதற்காக வந்தது

தந்தை மகனுக்குச் செய்ய வேண்டிய கடமைகளை, யூதர்களின் பழைய சட்ட விவாத நூலான தல்மூத் ஓரிடத்தில் அடுக்குகிறது: விருத்தசேதனம் செய்விக்க வேண்டும், தோரா கற்பிக்க வேண்டும், மணம் முடித்து வைக்க வேண்டும், ஒரு தொழில் கற்றுத்தர வேண்டும். நீந்தவும் கற்றுத்தர வேண்டும் என்பாரும் உண்டு. கற்பிக்கும் கடமை வீட்டுக்குரியது. அப்படியானால் பள்ளி எங்கிருந்து வந்தது? அதையும் தல்மூதே பாவா பத்ரா பகுதியில் சொல்கிறது. ஆதியில் தந்தை உள்ள பையன் தந்தையிடம் படித்தான், தந்தை இல்லாதவன் படிக்காமலே போனான். அதற்காக முதலில் ஜெருசலேமில் ஆசிரியர்களை வைத்தார்கள். பிறகு மாவட்டந்தோறும் வைத்து, பதினாறு பதினேழு வயதுப் பையன்களைச் சேர்த்தார்கள். ஆசிரியர் கோபித்துக்கொண்டால் பையன் எதிர்த்துவிட்டு எழுந்து போனான். கடைசியில் யெஹோஷுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு ஊருக்கு ஊர் ஆசிரியர் வைத்து, ஆறேழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். பதின்வயதுக்காரர்களோடு மல்லுக்கு நிற்கும் சினகாக் ஊழியர் யாருக்கும் அந்தப் பதினாறு வயதுப் பையன் புதியவனாகத் தெரிய மாட்டான்.

அமெரிக்காவில் இன்று நாம் பார்க்கும் யூத ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி 1838இல் பிலடெல்பியாவில் தொடங்கியது. ரெபெக்கா கிராட்ஸ் என்ற பெண்மணி, சுற்றிலும் கிறிஸ்தவர்கள் நடத்திய ஞாயிறு பள்ளிகளின் அமைப்பைப் பார்த்து, யூதப் பிள்ளைகளுக்கு அதே மாதிரி ஒன்றைத் தொடங்கினார். சம்பளமில்லாத பெண் ஆசிரியர்கள், ஆங்கிலத்தில் பாடம், வாரம் ஒரு காலை. வீட்டில் கற்பிக்க ஆளில்லாத பிள்ளைக்கு ஊர் கொடுத்த மாற்று ஏற்பாடு, நாளடைவில் வீட்டில் ஆள் இருக்கிற பிள்ளைக்கும் பொது ஏற்பாடாகிவிட்டது. பெற்றோர் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். நியூ ஜெர்சியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே எந்த வழியைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஹீப்ரு எழுத்தே தெரியாத அப்பாவோ அம்மாவோ, பிள்ளை வகுப்பில் இருக்கும் நேரத்தில் எங்கே இருக்கிறார்?

இருக்கிறபடியே விடலாம்

முதல் வழி, பள்ளியை இப்படியே வைத்துக்கொண்டு நல்ல தலைமையாசிரியர் ஒருவரைத் தேடுவது. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வரலாறு, பண்டிகை, நெறி. புதன் மாலை ஒன்றரை மணி நேரம் ஹீப்ரு. குழுவில் பாதிப் பேருக்கு இதுதான் சரி. காரணம் இல்லாமலும் இல்லை. பெற்றோருக்குப் பழகிப்போன நேரம், பாடத்திட்டம் தயாராக இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பார் மிட்ஸ்வாவுக்கு முன் இத்தனை வருடம் படித்திருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால் பிள்ளைகளும் வருகிறார்கள். வெளிப்படையாகச் சொல்வதானால், இருவருமே வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஞாயிறு காலை அந்த இரண்டு மணி நேரம் வாரத்திலேயே கிடைக்கிற ஒரே ஓய்வு. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நன்றி தெரிவிக்கும் நாள், குளிர்கால விடுமுறை, பஸ்கா எல்லாம் போக வருடத்துக்கு முப்பது ஞாயிறு தேறினால் பெரிது. அறுபது மணி நேரம். அதில் காலைச் சிற்றுண்டி, கூட்டு வழிபாடு, கழிப்பறை வரிசை கழிந்து மிச்சம் எவ்வளவு? புதன்கிழமை நிலைமை இன்னும் மோசம். முழு நாள் பள்ளி முடித்து, கால்பந்துப் பயிற்சியைப் பாதியில் விட்டு, பசியோடு வந்து உட்காருகிற பத்து வயதுப் பிள்ளை, அர்த்தம் தெரியாத எழுத்துகளை ஒலித்துப் பழகுகிறது. ஐந்து வருடம் கழித்து வழிபாட்டு வரிகளைத் தட்டுத் தடுமாறி வாசிக்கும். 'வாசித்தாயே, என்ன அர்த்தம்?' என்றால் தெரியாது.

இதற்குள்ளேயே செய்யக்கூடிய நல்ல திருத்தம் ஒன்று இருக்கிறது. கிளீவ்லாண்டின் யூதக் கல்வி மையத்தில் உருவான ஹீப்ரு த்ரூ மூவ்மென்ட் என்ற முறையில் முதலில் எழுத்தே கிடையாது. ஆசிரியர் 'லாகூம்' என்றால் பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும், 'லஷேவெத்' என்றால் உட்கார வேண்டும், 'லலேகெத்' என்றால் நடக்க வேண்டும். கொஞ்ச நாளில் 'கதவுவரை நடந்து போய் இரண்டு முறை குதி' என்று முழு வாக்கியமே ஹீப்ருவில் வரும், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்வார்கள். பிறகு பிரார்த்தனைப் புத்தகத்தில் அதே சொல் வரும்போது அதற்கு ஓர் உடம்பு இருக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைச் சேர்க்கச் சொல்வேன்.

தலைமையாசிரியர் பதவியின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஆள் ஞாயிறு காலை என்ன செய்துகொண்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நாலாம் வகுப்பு ஆசிரியைக்குக் காய்ச்சல், மாற்று ஆள் தேடுகிறார். கார் வரிசை சாலைவரை நீண்டுவிட்டது, போய் ஒழுங்கு செய்கிறார். கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கும் வகுப்பில் யாரோ கடலை வெண்ணெய் கொண்டுவந்துவிட்டார்கள். யூதக் கல்வியில் முதுகலை படித்த ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, அவரைப் போக்குவரத்துக் காவலராக வைத்திருக்கிறோம்.

இது போன்ற துணைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை அமெரிக்கா முழுக்க 2006க்குப் பிறகு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது என்று நியூயார்க்கின் ஜூயிஷ் எஜுகேஷன் ப்ராஜெக்ட் வெளியிட்ட அறிக்கை சொன்னது. பழியை முழுவதும் பள்ளி முறையின் மேல் போட முடியாது. ஆனால் அதே காலத்தில் ஆர்த்தடாக்ஸ் பிரிவைச் சேர்ந்த ஹபாத் இயக்கத்தின் ஹீப்ரு பள்ளிகள் வளர்ந்திருக்கின்றன. அங்கே சபை உறுப்பினர் கட்டணம் கேட்பதில்லை, வாரத்தில் ஒரு முறை வந்தால் போதும். இருக்கிறபடியே விடலாம் என்கிறவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

சம்பளத்தை இரண்டாகப் பிரிப்பது

பள்ளிக்கு ஒரு பகுதிநேரத் தலைமையாசிரியர், பதின்வயதுக்காரர்களுக்கு ஒரு பகுதிநேர இளைஞர் ஆலோசகர். தாளில் சிக்கனமாகத் தெரியும். நடைமுறையில் இளைஞர் ஆலோசகராக வருபவர் இருபத்து மூன்று வயதில் கிட்டார் வாசிக்கும் நல்ல பிள்ளையாக இருப்பார். இரண்டு வருடத்தில் மேற்படிப்புக்குப் போய்விடுவார். அவரோடு ஒட்டிக்கொண்ட பிள்ளைகளும் அதோடு கழன்றுவிடுவார்கள். ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் இடத்தில்தான் வழுக்குகிறது. முந்நூறு பிள்ளைகள் உள்ள பெரிய சபைக்கு இரண்டு முழுநேர ஆட்கள் என்றால் சரி. எங்களைப் போன்றவர்களுக்கு இது வேண்டாம்.

உதவி ராபியிடம் ஒப்படைப்பது

குழுவில் மிச்சப் பேர் அதிகம் மயங்கியது இந்த வழியில்தான். ரிஃபார்ம் ராபிகளை உருவாக்கும் ஹீப்ரூ யூனியன் கல்லூரியில் ராபிப் பட்டத்தோடு கல்வியில் முதுகலையும் சேர்த்துப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே சம்பளத்தில் இரண்டாவது ராபியும் கிடைத்தார், பள்ளிக்கு ஆளும் கிடைத்தார் என்று பொருளாளர் கணக்குப் போடுகிறார். பிள்ளைகளுக்குக் குருவோடு நேரடிப் பழக்கம் உண்டாகும். குழந்தைக்குப் பெயர் வைத்தவர், பார் மிட்ஸ்வாவுக்குத் தயார் செய்தவர், பாட்டி இறந்தபோது வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் மூவரும் ஒரே ஆள் என்றால் அந்தப் பிணைப்பு சாதாரணமானது இல்லை. என்னைப் போன்ற யூதரல்லாத பெற்றோருக்கும் 'எனக்கு இது தெரியாதே' என்று ராபியிடம் கேட்பது ஏனோ சுலபமாக இருக்கிறது.

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத், சிம்ஹாத் தோரா ஆகிய நான்கு திருநாள்களும் மூன்று வாரச் சொச்சத்துக்குள், பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் வந்துவிடும். பள்ளி திறப்பதும் அதே நேரம். புது ஆசிரியர்களுக்குப் பழக்கம் சொல்ல வேண்டிய வாரத்தில் ராபி பிரசங்கம் எழுதிக்கொண்டிருப்பார். சாவு யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஞாயிறு பத்து மணிக்கு அடக்கம் என்றால் அன்றைக்குப் பள்ளி ராபி இல்லாமல்தான் ஓட வேண்டும். அப்புறம், உதவி ராபிகளில் பெரும்பாலோர் சில வருட அனுபவம் சேர்ந்ததும் தனக்கென்று ஒரு சபையைத் தேடிப் போவார்கள். அது அவர்கள் தொழிலின் இயல்பு, குறையாகச் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளுக்குக் கீழே உள்ள சிறு சபையில், இருக்கிற ஒரே ராபியே பள்ளியையும் நடத்துவது இயற்கை. நடுத்தர சபை இதற்கென்று இரண்டாவது ராபியை எடுத்தால், மூன்று நாலு வருடத்துக்கு ஒரு முறை இதே குழுவை மறுபடி கூட்ட வேண்டியிருக்கும்.

குடும்பத்தையே மாணவராக எடுத்துக்கொள்வது

நான் கை தூக்கப்போவது இதற்கு. ஒரே முழுநேர இயக்குநர், பதவியின் பெயரிலேயே இளைஞர்களும் குடும்பங்களும் இருக்க வேண்டும். பள்ளியின் ஒரு பகுதி ஞாயிற்றிலிருந்து ஷபாத் என்ற வார ஓய்வுநாளுக்கு, அதாவது சனிக்கிழமை காலைக்கு மாறும். பிள்ளைகளோடு பெற்றோரும் வருவார்கள்.

இது புதுச் சரக்கு இல்லை. ஹீப்ரூ யூனியன் கல்லூரியின் கல்விப் பிரிவு 1990களின் தொடக்கத்திலேயே, பள்ளியைத் தனியாகச் சீர்திருத்துவதை விட்டுவிட்டுச் சபை முழுவதையும் கற்கும் இடமாக மாற்றும் பரிசோதனை ஒன்றைத் தொடங்கியது. அதிலிருந்து பல சபைகள் சனிக்கிழமைக் குடும்பப் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. வீட்டுக்குள் போவதில் எல்லோரையும் முந்தியது 2005இல் தொடங்கிய பிஜே லைப்ரரி. ஹெரால்ட் கிரின்ஸ்பூன் அறக்கட்டளை மாதாமாதம் பிள்ளையின் பெயருக்கு ஒரு யூதக் கதைப்புத்தகத்தை இலவசமாக அனுப்புகிறது. படுக்கையில் அதை வாசித்துக்காட்டுவது பெற்றோர்தான், ஆகவே பாடம் இருவருக்கும் நடக்கிறது. எங்கள் வீட்டில் ஹனுக்கா பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி அந்தப் புத்தகங்களிலிருந்து.

ஒரு காலை எப்படிப் போகும்? ஒன்பதரைக்குக் குடும்பங்கள் வருகின்றன. முதல் முக்கால் மணி நேரம் பிள்ளைகள் வயதுவாரியாகப் பிரிகிறார்கள். பெற்றோர் நூலகத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் அன்று படிக்கும் அதே தோராப் பகுதியைப் பெரியவர்களுக்கான கேள்விகளோடு படிக்கிறார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து வழிபாடு. அன்று யாருக்காவது பார் மிட்ஸ்வா என்றால், இரண்டாம் வகுப்புப் பிள்ளை தன் எதிர்காலத்தைக் கண்ணெதிரே பார்க்கிறது. அப்புறம் ஹல்லா ரொட்டி, சாப்பாடு.

முன்னோட்டமாக நடத்திப் பார்த்த காலை ஒன்றில் எனக்கு முன் வரிசையில் ஓர் அப்பாவும் எட்டு வயது மகளும். ஷெமா என்ற முக்கியப் பிரார்த்தனை முடிந்து அதற்கு அடுத்த பகுதி வந்தது. கட்டளைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு, வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் அவற்றைப் பேசு என்று உபாகமத்தில் வருகிற வரிகள். அப்பா ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாளைப் பார்த்து 'லெபனேக்கா' என்றார். மகள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் 'லெவானெஹா' என்றாள். அவர் திருத்திச் சொன்னார். அவள் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தி அவருக்கும் காட்டினாள். 'உன் பிள்ளைகளுக்கு' என்று அர்த்தமுள்ள சொல்லைப் பிள்ளை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. ஞாயிறு பள்ளியில் இது நடக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அப்பா மளிகைக் கடையில் இருப்பார்.

சரி, குறைகள். நிறையவே இருக்கின்றன. சனிக்கிழமை காலை கால்பந்து, நடனம், சாரணர் எல்லாவற்றோடும் மோத வேண்டும். விவாகரத்தான பெற்றோர் வார இறுதிகளை மாற்றி மாற்றிப் பங்குபோட்டிருந்தால், ஒன்றுவிட்டு ஒரு வாரம் நடக்கும் பள்ளி எப்போதும் ஒரே பெற்றோரின் வாரத்தில் விழும். மற்றவர் வருடம் முழுக்க வாசலைக்கூட மிதிக்க மாட்டார். இதை நாட்காட்டி போடும்போதே பார்க்க வேண்டும், யாரும் பார்ப்பதில்லை. சனிக்கிழமை வேலைக்குப் போகும் செவிலியர், கடைக்காரர் என்ன செய்வார்கள்? தாத்தா பாட்டி வரலாமா? வரலாம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை வராது. இதே திட்டம் ஒரு கன்சர்வேடிவ் சபைக்கு என்றால் ஷபாத்தன்று எழுதக் கூடாது, வெட்டி ஒட்டக் கூடாது என்ற விதிகளையும் சேர்த்துப் பாடம் அமைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிரமம் ஆள் கிடைப்பது. மூன்றாம் வகுப்பை அருமையாக நடத்துகிறவர்கள் பலர் உண்டு. நாற்பது வயதில், படித்த, கொஞ்சம் வெட்கப்படுகிற, தனக்குத் தெரியாததை மகள் முன்னால் காட்டிக்கொள்ள விரும்பாத பெற்றோருக்கு நடத்தத் தெரிந்தவர்கள் குறைவு.

எதிர்பாராத ஒரு லாபம் பாதுகாப்புச் செலவில் வருகிறது. 2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை பிட்ஸ்பர்க் சினகாக்கில் 11 பேர் வழிபாட்டின்போது சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, வாசலில் காவலர் இல்லாமல் கட்டடத்தைத் திறக்கும் சபைகள் குறைந்துவிட்டன. பள்ளிக்கென்று தனியாகத் திறக்கும் ஒவ்வொரு நாளுக்கும் காவலர் கூலி வேறு. சனிக்கிழமை வழிபாட்டுக்கு எப்படியும் அவர் நிற்கிறார். புதன்கிழமையை நிறுத்தினால் மிச்சமாகும் தொகை சின்னது இல்லை.

மற்ற இரண்டு யோசனைகள்

வாரநாள் மாலைக் காப்பகம் என்று ஒரு வழி உண்டு. அட்லாண்டாவில் ஜூயிஷ் கிட்ஸ் குரூப்ஸ், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் எடா ஆகியவை செய்வது அது. பொதுப் பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள், பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை யூதச் சூழலில் விளையாடிப் படிக்கிறார்கள். பெற்றோர் வேலைக்குப் போகிற வீட்டின் உண்மையான தலைவலியைத் தீர்ப்பது இது ஒன்றுதான். கிடைக்கிற மணி நேரமும் ஞாயிறு பள்ளியைவிடப் பல மடங்கு. பார்க்கும்போது பொறாமையாக இருக்கிறது. ஆனால் தினமும் ஆட்கள், வேன், மாநில உரிமம் எல்லாம் வேண்டும். ஒரு சபை தனியாகத் தொடங்கினால் மூச்சு வாங்கிவிடும், அக்கம்பக்கத்துச் சபைகள் கூடினால் முடியும். எங்கள் அண்டைச் சபைகள் இதுவரை ஒரு ஹனுக்கா விழாவைக்கூடச் சேர்ந்து நடத்தியதில்லை.

மற்றது, பள்ளியையே மூடிவிட்டு வீட்டுக்கு வீடு ஜூமில் ஹீப்ரு ஆசிரியர். கொரோனாவுக்குப் பிறகு இதன் பலத்தைப் பார்த்துவிட்டோம். வாரம் அரை மணி நேரம் தனியாகப் படித்த பிள்ளை, புதன்கிழமைக் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த பிள்ளையைவிட வேகமாக வாசிக்கிறது. ஆனால் அதற்கு நண்பர்கள் யாரும் கிடைப்பதில்லை. ஆகவே வாசிப்புக்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

பதின்மூன்றுக்குப் பிறகு

எந்த வழியானாலும் பார் மிட்ஸ்வாவோடு கதை முடிந்துவிடும் அபாயம் இருக்கிறது. பதின்மூன்று வயதில் தோராவை வாசித்து முடித்த அடுத்த வாரம் பிள்ளை வராது. பெற்றோரும் வற்புறுத்த மாட்டார்கள். பொதுவாக இந்த இடத்தை இளைஞர் இயக்கங்களிடம் விட்டுவிடுவது வழக்கம். ரிஃபார்ம் பக்கம் 1939இல் தொடங்கிய நிஃப்டி, கன்சர்வேடிவ் பக்கம் 1951இல் தொடங்கிய யூஎஸ்ஒய், எந்தப் பிரிவையும் சேராத பீபீஒய்ஒ. இந்தக் கடைசி அமைப்பின் மூலவேர் 1924இல் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் பையன்கள் தொடங்கிய சங்கத்தில் இருக்கிறது. இவை நல்ல அமைப்புகள். ஆனால் ஏற்கனவே கூச்சமில்லாத பிள்ளைகளைத்தான் அவை அதிகம் இழுக்கின்றன என்பது நான் பார்த்தது.

மற்றவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளைச் சிறு வகுப்புகளில் மத்ரிக், அதாவது உதவி வழிகாட்டி ஆக்குவது பல சபைகளில் இருக்கிறது. சில இடங்களில் சின்னச் சம்பளமும் உண்டு. மேலே சொன்ன பாவா பத்ரா பகுதியே இதற்கும் இடம் தருகிறது: 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 40 ஆனால் ஓர் உதவியாளர் வேண்டும், அவருக்கு ஊர் கைகொடுக்க வேண்டும் என்று தல்மூத் அறிஞர் ராவா சொல்கிறார். பெரும்பாலான பள்ளிகளில் மத்ரிக்கின் வேலை பசை டப்பாவை எடுத்துக்கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. அவர்களுக்குக் கற்பிக்கக் கற்றுக்கொடுப்பது இயக்குநரின் வேலைப் பட்டியலில் முதல் மூன்றுக்குள் இருக்க வேண்டும். கூடவே, எந்த அறையிலும் பிள்ளைகளோடு இரண்டு பெரியவர்கள், எல்லோருக்கும் பின்னணிச் சோதனை என்ற விதியில் எந்த இயக்குநருக்கும் சலுகை கூடாது. மத்ரிக்கைப் பெரியவராகக் கணக்கில் எடுப்பதும் கூடாது.

கோடை முகாம் இன்னொன்று. நாலு வார முகாமில் பிள்ளை விழித்திருக்கும் நேரம் சுமார் 390 மணி. ஞாயிறு பள்ளியில் ஆறு வருடத்துக்கு மேல் உட்கார்ந்தால்தான் அவ்வளவு வரும். முதல் முறை போகிறவர்களுக்கு 1,000 டாலர்வரை ஒன் ஹேப்பி கேம்பர் திட்டத்தில் உதவி கிடைக்கிறது. இது தெரியாத குடும்பங்கள் எங்கள் சபையிலேயே இருந்தன. ரிஃபார்ம் முகாம்களில் ராபிகளும் கல்வி இயக்குநர்களும் ஓரிரு வாரம் தங்கிக் கற்பிக்கும் வழக்கம் உண்டு. நம் இயக்குநரை அப்படி அனுப்புவதை விடுப்பில் கழிக்காமல் வேலை நாளாகவே ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். ஷபாத் முடிகிற இரவில் ஹவ்தாலாவுக்காக, பின்னிய மெழுகுவர்த்தியைச் சுற்றித் தோளில் கைபோட்டுப் பாடிய பதினைந்து வயதுக்காரன், கிராம்பும் பட்டையும் போட்ட டப்பாவை முகர்ந்துவிட்டு அடுத்தவனுக்குக் கொடுக்கும்போது அந்த இயக்குநரும் அதே வட்டத்தில் நின்றிருந்தால், அக்டோபரில் அவர் அனுப்பும் குறுஞ்செய்திக்குப் பதில் வரும்.

எழுதப்போகும் பரிந்துரை

குழுவுக்கு நான் கொடுத்திருப்பது இது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை குடும்பப் பள்ளி. அந்த இரண்டும் ஒன்றுவிட்டு ஒரு வாரமாக இல்லாமல், வார இறுதிகளைப் பங்குபோட்டிருக்கும் விவாகரத்தான பெற்றோர் இருவருக்கும் வாய்க்கும்படி அடுத்தடுத்த வாரங்களில். மிச்ச இரண்டு ஞாயிறு பிள்ளைகளுக்கு மட்டும், பெற்றோர் தூங்கட்டும். புதன்கிழமையை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் ஜூமில் அரை மணி நேர வாசிப்பு. முழுநேர இயக்குநர் ஒருவர், ராபியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. புதன்கிழமைச் செலவில் மிச்சமாகும் பணத்தில் வாரம் பத்து மணி நேரத்துக்கு ஓர் உதவியாளர்: கார் வரிசை, மாற்று ஆசிரியர், பதிவுப் படிவம், ஒவ்வாமைப் பட்டியல் எல்லாம் அவர் தலையில். உதவியாளர் பதவியை வெட்டிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம் என்று நிதிக் குழு நிச்சயம் சொல்லும். அப்படியென்றால் முதல் வழிக்கே போய்விடுவது மேல், குறைந்தபட்சம் அது எல்லோருக்கும் பழகியது.

விண்ணப்பதாரர்களை வழக்கமாக ஒரு மாதிரி வகுப்பு நடத்தச் சொல்வோம், எட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து. இந்த முறை பெரியவர்களை உட்காரவைக்கக் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் ஹீப்ரு எழுத்து தெரியாதவர்கள், ஒருவராவது யூதரல்லாதவர், இருபது நிமிடம், அந்த வாரத் தோராப் பகுதி. முடிந்ததும் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் எழுதியாயிற்று: 'குடும்பப் பள்ளி நடக்கிற சனிக்கிழமை, ஒன்பதே கால் மணி, ஓர் ஆசிரியர் வரவில்லை. நீங்கள் எங்கே போவீர்கள்?' அந்த வகுப்பைத் தானே எடுப்பேன் என்பவர் நல்ல மனிதர்தான். இரண்டு மத்ரிக்களை ஏற்கனவே தயார் செய்து வைத்திருப்பேன், அவர்களோடு உதவியாளர் போய் நிற்பார், நான் பெற்றோரோடு நூலகத்தில் இருப்பேன் என்று சொல்பவருக்கு என் ஓட்டு.